மொட்டு ஏற்றிய வண்டி

நாற்றுப்பண்ணைக்கு வந்தவர்கள் எல்லோரும் பூவைப் பார்த்துச் செடி வாங்கிக்கொண்டிருக்க, தாவரவியல் டீச்சர் மட்டும் பூத்த தொட்டிகளை ஒதுக்கிவிட்டு, இலைகளை விலக்கி மொட்டு தேடிக்கொண்டிருந்தாள். சூடு கண்ட பூனை அவள். போன வருடம் கல்லூரிப் பசுமைக்குடிலுக்குப் பூவும் பொலிவுமாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய செடிகள், வந்த வாரமே பூவையெல்லாம் கொட்டிவிட்டு, மறுபடி விடுமுறையில் பூட்டிய கதவுக்குள் ஆசைதீரப் பூத்து முடித்தன. செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் பூ வரைய வேண்டிய இடத்தில் இலையை வரைந்தார்கள். அன்றிலிருந்து அவள் இலை டீச்சர். பெயர் கிடக்கட்டும், இந்தத் தேர்வுக்கும் பூ இல்லையென்றால் குடிலைச் சைக்கிள் நிறுத்தும் இடமாக்கிவிடப்போவதாக முதல்வர் சொல்லிவிட்டார். அந்தக் கண்ணாடிக் கூரைக்காக வருடக்கணக்கில் நடையாய் நடந்தவள் அவள். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது; மொட்டாக வாங்கினால் அன்றைக்குப் பூத்து நிற்கும்.

"காசு குடுத்து வெறும் இலை வாங்குற ஒரே ஆளு நீங்கதான் அண்ணி," என்றாள் நாத்தனார்.

அவள் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுபவள். வீட்டில் அவளுக்குப் புயல் என்று பெயர். அவள் வண்டியில் ஒருமுறை ஏறியவர்கள் அடுத்த முறை நடந்துபோவதே மேல் என்பார்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில், முதலாளியிடம் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அண்ணிக்காக வந்திருந்தாள்.

ஆண்பூவையும் பெண்பூவையும் தனித்தனியாகக் காட்டுகிற பெகோனியா, மேசைமேல் அடங்குகிற வயலட், மணத்தால் பூச்சியை அழைக்கிற குட்டைக் கார்டீனியா என்று டீச்சர் பொறுக்கி எடுத்துவிட்டாள். தொட்டிகள் வேனில் ஏறியபிறகுதான் ஓட்டப்போவது யார் என்பது நினைவுக்கு வந்தது. அதிலும் கார்டீனியா மகா ரோஷக்காரி. குலுங்கினாலும் காற்றடித்தாலும் மொட்டை உதிர்த்துவிடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று வாயை மூடிக்கொண்டு, பின்னால் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

டீச்சர் பயத்தைச் சொல்லிவிட்டாள். நாத்தனார் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தாள்.

வண்டி ஊர்ந்தது. சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார். அடைத்த வேனுக்குள் நாத்தனாரின் கழுத்து வழியாக வியர்வை ஒழுகி முதுகை நனைத்தது. அதைத் துடைக்கக்கூட அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கூடப்பிறந்தவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள் என்று டீச்சர் நினைத்தாள்.

பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டது. அடுத்த சிக்னலில் டிரைவர் இறங்கியே வந்துவிட்டார்.

"வண்டி ஓட்டுறியாம்மா, தள்ளிக்கிட்டுப் போறியா?"

வேறு நாளாக இருந்தால் நாத்தனாரிடம் ஒன்றுக்குப் பத்தாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

"கோச்சுக்காதீங்கண்ணே. பின்னாடி எல்லாம் நிறைமாசக்காரிங்க."

அவர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். மடியில் ஒரு தொட்டி, இரண்டு கைக்குள்ளும் தொட்டிகள், நடுவே டீச்சரின் கெஞ்சுகிற முகம். சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"ரொம்ப நன்றிம்மா," என்றாள் டீச்சர்.

"பேசாதீங்க அண்ணி. முன்னாடி வேகத்தடை."

பின்னால் லாரி நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு, சாலையை அடைத்தபடி, தெருவின் மொத்த வண்டிகளையும் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தது. வேனின் முன்சக்கரங்கள் மேட்டில் ஏறி, ஓர் இலைகூட அசையாமல் இறங்கின. பின்சக்கரங்கள் இன்னும் ஏறவில்லை.