இருபத்திரண்டாயிரம் பேரை விட்டு

எங்கள் நாய்க் காப்பகம் நாலு வருடமாக இருக்கும் சமூக வலைத்தளத்தில் தொடர்வதா, விலகுவதா என்று பேசக் கூடினோம். கூட்டத்தைக் கூட்டிய செயலாளர் என் நாத்தனார். வேறு யாராவது இந்தப் பேச்சை எடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அங்கே காப்பகத்தின் பக்கத்தில் எழுதுவது நான்தான். மற்ற காப்பகங்கள் எல்லாம் 'அன்புக்கு ஏங்கும் செல்லம்' என்று உருகும். எனக்கு அது வராது, உள்ளதை உள்ளபடி எழுதுவேன். 'இது செருப்புத் திருடி. இடது கால் செருப்பை மட்டும்தான் எடுக்கும். குளிக்கக் கூப்பிட்டால் காது கேட்காது. சாப்பாடு என்றால் மூன்றாவது தெருவிலிருந்தும் கேட்கும். வேண்டுமானால் வாருங்கள், பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது.' இதைப் படிக்க இருபத்திரண்டாயிரம் பேர்! வீட்டில் நான் வாயைத் திறந்தால் என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

"புது முதலாளி வந்ததுல இருந்து அங்க சாக்கடைதான் ஓடுது அண்ணி," என்றாள் நாத்தனார். "நாய்ப் படத்துக்குக் கீழ, யாரை நாட்டை விட்டு விரட்டணும்னு அடிச்சிக்கிறாங்க. போன வாரம் டாக்டரை என்ன பாடு படுத்துனாங்கன்னு பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். எங்கள் கால்நடை டாக்டர் சரியான வாயில்லாப் பூச்சி. பிழைக்க வழியில்லாத ஒரு கிழ நாயை வலியில்லாமல் கண் மூட வைத்ததற்கு, அவருடைய வீட்டு முகவரியைப் போட்டு மிரட்டியிருந்தார்கள். "எனக்காக வேணாம்மா," என்று எதிரே உட்கார்ந்திருந்த அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடுவேனா?

"நாலு கிறுக்கனுங்களுக்குப் பயந்து ஓடுறதா? அப்புறம் நாய்ங்களுக்கு எப்படி வீடு கிடைக்கும்? நீ தலையில தூக்கி வச்சிக்கிட்டுத் தெருத்தெருவா கூவப் போறியா?"

அவள் ஒரு கட்டுப் படிவங்களை என் முன் தள்ளினாள். நாயை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் நிரப்பித் தருவது. 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அதைச் சேர்த்ததே நான்தான். ஆனால் ஒரு நாளும் பதிலைப் படித்ததில்லை. எல்லாரும் என் எழுத்தைப் பார்த்துத்தானே வருகிறார்கள், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று ஒரு மிதப்பு.

இப்போது புரட்டினேன். போன வருடம் வீடு போய்ச் சேர்ந்தவை முப்பத்தொன்று. 'தபால்காரர் சொன்னார்.' 'டாக்டர் அறையில் படம் பார்த்தேன்.' 'பக்கத்து வீட்டு நாய் இங்கிருந்துதான் வந்தது.' அந்தத் தளத்தைப் பார்த்து வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் மறு வாரமே நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்.

என் முகம் எப்படிப் போயிற்றோ, நாத்தனார் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நாய்ங்களுக்காக இல்லடி," என்றேன். "எனக்காகத்தான். அங்க போனா நான் பேசுறதைக் கேக்க ஆள் இருக்கு. இங்க யாரு இருக்கா?"

கேலி செய்வாள் என்று நினைத்தேன். "எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு இத்தனை வருசம் தாக்குப் பிடிச்சதே பெருசு அண்ணி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சிரிப்பை அடக்க இருமினார். விலகலாம் என்று முதலில் கை தூக்கியது நான்தான்.

கணக்கை மூடிய மறுநாளே எனக்குக் கை பரபரத்தது. ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, தடித்த பேனாவால் எழுதி, காப்பகத்தின் கம்பிக் கதவில் கட்டினேன். 'உள்ளே ஒரு ஒற்றைக்கண் நாய் இருக்கிறது. உங்கள் பையில் இருக்கும் பிஸ்கட்டைப் பார்க்க அதற்கு அந்த ஒரு கண்ணே அதிகம். வேலை: தூக்கம். அனுபவம்: ஒன்பது வருடம்.'

உள்ளே போய்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே ஒரு ஆள் சிரிக்கும் சத்தம். சும்மா இல்லை, மூச்சு வாங்கச் சிரித்தான். பிறகு கூட வந்தவளைக் கூப்பிட்டு நிறுத்தி, முதலிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தான்.

நாலு வருடம், இருபத்திரண்டாயிரம் பேர். ஒருவர் சிரித்துக்கூட நான் காதால் கேட்டதில்லை. அவள் எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று கேட்க, அவசரமாகக் குழாயை மூடினேன்.