கூட்டினால் எட்டு வராத டயர்

என் மனிசனிடம் எந்தச் சாமானைக் காட்டினாலும் முதலில் அதில் எங்கேயாவது இலக்கம் எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இருந்தால் கூட்டுவார். பஸ் இலக்கம், வீட்டு இலக்கம், பால் பெட்டியில் அடித்திருக்கும் திகதி, ஒன்றையும் விடமாட்டார். கூட்டி எட்டு வந்தால் சனியன். அதோடு சரி, அந்தப் பாலைக் குடிக்க நான்தான் இருக்கிறேன். மாமாங்கம் என்று கோயில் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மனிதருக்குச் சாமியை விட எண்சாத்திரத்தில்தான் பக்தி.

எங்கள் மூத்தவள் வசுமதி பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல. எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம், இந்தக் குளிர் நாட்டில், மோர்னிங்சைட் றோட்டு ஏற்றத்தில் பனியில் வழுக்கிக் குறுக்கே நின்றுபோன காரின் பின் சீட்டில். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த, முன்பின் தெரியாத ஒரு ஜமெய்க்காப் பெண்தான் பிள்ளையைக் கையில் ஏந்தினாள். என் மனிசன் வெளியே நின்று காரின் டயர்ச் சில்லைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார். சில்லு என்ன பாவம் செய்தது?

இப்போது எண்பத்தேழு கார்த்திகை. எனக்கு எட்டாம் மாதம். அவர் வாயால் எட்டு என்று சொல்லமாட்டார். கேட்பவர்களுக்கெல்லாம் "ஏழு முடிஞ்சிட்டு" என்பார். இரண்டாவதும் தை மாதத்துக்குத்தான் நாள் குறித்திருக்கிறது. இந்த முறை என் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஒரு பிக்கப் ட்ரக். வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரன் விற்றது. பழையது, அதுவும் நாலு அங்குலம் உயர்த்திக் கட்டினது. டயர்கள் மொட்டை, ரிம்கள் கறள் பிடித்துச் சிவந்தவை.

"புள்ளத்தாச்சி ஏறுற வண்டியை ஆராவது உசத்தி வாங்குவாங்களா?" என்று கேட்டேன்.

"உசரமெண்டாத்தான் பனியில புதையாது. நல்ல டயர் ஒரு செட் போட்டமெண்டா ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கும்" என்றார்.

அந்த நல்ல டயரைத் தேடித்தான் ஒரு சனிக்கிழமை பகல், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மில்லிக்கன் பக்கம் ஸ்டீல்ஸ் றோட்டில் இருக்கும் டயர்க் கடைக்குப் போனோம். கவுண்டரில் நின்றவள் தமிழ்ப் பெண். பெயர் றோஸ்மேரி, யாழ்ப்பாணத்தாள். ஆம்பிளைகளின் தடித்த ஜக்கெட், காதில் ஒரு பென்சில். டயர்க் கடையில் தமிழ்ப் பொம்பிளையா என்று என் மனிசன் வாசலிலேயே ஒருகணம் நின்றுவிட்டார்.

"வாங்கோ அண்ணை. எந்த வண்டிக்கு?"

அவர் ஜன்னல் வழியாகக் காட்டினார்.

"என்ர மாதாவே, உதுக்கோ? அக்கா உதில எப்பிடி ஏறினவ?"

"நான் ஏறல்ல தங்கச்சி. அவர்தான் ஏத்தினவர், அரிசி மூட்டை ஏத்துற மாதிரி" என்றேன்.

அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கடதாசியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு டயர் வரிசைக்குப் போய் முழந்தாளில் நின்றுவிட்டார். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் எழுதியிருந்த அளவை விரலால் தடவித் தடவி வாசிக்கிறார், எழுதுகிறார், கூட்டுகிறார், தலையை ஆட்டுகிறார்.

"அண்ணை என்ன தேடுறார்?" என்று றோஸ்மேரி மெல்லக் கேட்டாள்.

"சனியனை" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் கடை முழுக்கக் கேட்டது. "தவம், இஞ்ச ஓடி வா! முப்பத்திரண்டு, பதினொண்டு புள்ளி அஞ்சு பூச்சியம், பதினஞ்சு. எல்லாம் கூட்டினா பதினெட்டு. ஒண்டும் எட்டும் ஒம்பது. செவ்வாய்ட எண்!"

ஓடி வரட்டாம்! ஆடி ஆடிப் போய்ப் பார்த்தேன். டயர் என் வயிற்று மட்டத்துக்கு நின்றது. அகலமும் என்னைப் போலத்தான்.

"அண்ணை, உது சேத்துக்குள்ள ஓடத்தான் நல்லம்" என்றாள் றோஸ்மேரி. "உந்த அகலம் பனிக்கு மேல ஏறி மிதக்கும், ஐஸில சறுக்கும். ஒடுங்கின டயர்தான் பனியை வெட்டிக்கொண்டு போய் றோட்டைப் பிடிக்கும். இதைப் பாருங்கோ, நல்ல குளிர் டயர். பதிவும்கூட, உயரம் குறைவு, அக்காவுக்கு ஏற லேசு."

அவள் காட்டியது 215, 75, 15 என்று எழுதிய சின்ன டயர்.

"உசத்தின வண்டிக்கு இதைப் போட்டா யானைக்குப் பூனைக் கால் வெச்ச மாதிரியெல்லோ இருக்கும்?" என்று முகத்தைச் சுளித்தவர், அதையும் கூட்டினார். இருபத்தாறு. இரண்டும் ஆறும்... பாம்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தைக் காட்டாமல், "இஞ்சருங்க, நாலு டயர், நாலு ரிம். கூட்டிப் பாருங்க" என்றேன்.

அவருடைய முகம் வெளுத்தது. பிறகு மலர்ந்தது. "ஸ்பெயாரோட அஞ்சு அஞ்சா எடுப்பம். பத்து. அப்ப ஒண்டு!"

இந்த மனிதரோடு யார் வெல்வது? றோஸ்மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி அண்ணை, முந்தின காருக்கு என்ன குளிர் டயர் போட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"போடல்ல."

"ஏன், வாங்கேல்லையோ?"

"வாங்கினனான். பல்கனில கிடந்தது." என்னைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "கூட்டினா எட்டு வந்தது."

இதை நான் அன்றுதான் கேட்கிறேன். மூன்று வருடமாக எனக்குச் சொன்ன கதை வேறு. றோட்டுக்கு உப்புப் போடவில்லை, பனி வழிக்கவில்லை, எல்லாம் நகரசபையின் பிழை. பல்கனியில் நாலு டயர் கிடந்தது உண்மைதான். வேலையிடத்தில் யாரோ வைத்திருக்கத் தந்தது என்று சொன்னார். அதை நம்பி, அதன் மேல் பேப்பரை விரித்து நான் மிளகாய் காயப்போட்டேன்.

றோஸ்மேரி விடவில்லை. "அப்ப காரில பூட்டியிருந்த டயரில என்ன எண் வந்தது?"

"அது காரோட வந்த டயர். கூட்டிப் பாக்கல்ல."

"அண்ணை, ஒரு காருக்குக் கோடை டயரும் குளிர் டயரும் ஒரே அளவுதானே வரும்? அதே இலக்கம்தான் அதிலயும் இருந்திருக்கும்."

அவருடைய உதடுகள் அசைந்தன. மனதுக்குள் கூட்டுகிறார். எட்டுக்குப் பயந்து எட்டிலேயே வருடக்கணக்காக ஓடியிருக்கிறார்! எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது.

"நான் அந்தச் சீட்டில உசிர் போகக் கத்திக்கிட்டுக் கிடக்கன், நாலு டயரும் பல்கனில மிளகாய்க்குக் காவல் நிண்டிருக்கு! நீங்களெல்லாம் ஒரு மனிசனா?"

கடையில் நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எனக்குப் பயம் தவம்" என்றார், டயரைப் பிடித்தபடி. "அண்டைக்கு உன்ட சத்தம் கேட்டு, உள்ள வரப் பயந்துதான் வெளிய நிண்டனான். நீ செத்திருவா எண்டு நினைச்சன். இந்தமுறை ஒரு பிழையும் விடக்கூடா எண்டுதான் எல்லாத்தையும் கூட்டுறன்."

பாவமாக இருந்தது. கோபத்தில் அரைவாசி இறங்கிவிட்டது. மற்ற அரைவாசியைப் பின்னுக்கு உதவும் என்று வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, அந்தச் சின்ன டயரில நாலு போடுங்க. கதவுக்குக் கீழ ஒரு ஏறுபடியும் பூட்டுங்க. ரிம் இவருக்கு விருப்பமானது" என்றேன். அவர் கண்ணைப் பறிக்கும் குரோம் ரிம் ஒரு செட்டை மட்டும் காட்டினார். அதில் இலக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவில்லை.

ட்ரக்கைப் பார்த்து வேலையிடத்தில் எல்லாரும் சிரித்தார்களாம். விற்ற வெள்ளைக்காரன், குழந்தையின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிற தடியன் போல இருக்கிறதே வண்டி என்று சொன்னானாம். அவர் வந்து எனக்குச் சொல்லித் தானும் சிரித்தார்.

தை மாதம் பனி கொட்டியது. இரண்டு முறை வலி என்று ஓடினோம். இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில், இன்னும் நாள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை ஒரு காலை, முழங்கால் பனி. மோர்னிங்சைட் ஏற்றத்தில் கார்கள் அங்கும் இங்கும் குறுக்கே கிடந்தன. அவர் இரண்டாம் கியரில் மெல்ல மெல்ல ஏற்றினார். டயர் நறநறவென்று பனியை வெட்டிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஓடி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். ஆனால் இறக்கிவிடவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பனிக்குள் நின்று அழுதார்.

"அண்டைக்கு உன்னைத் தனிய விட்டுட்டன் தவம். என்னை மன்னிச்சிரு."

மூன்று வருடம் நான் காத்திருந்த சொல். அதைச் சொல்லவும் ஒரு நேரம் பார்த்தாரே!

"மன்னிக்கன், மன்னிக்கன்! முதல்ல தள்ளி நில்லுங்க, புள்ள வருகுது!"

அவர் தள்ளி நிற்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பிள்ளை பிறந்து முடியும் வரை என் தலைமாட்டை விட்டு அசையவேயில்லை.