மாடிக் கதவு

விடியும் முன்பே சேற்றில் இறங்கிவிட்டோம். தையல் கூடத்தில் இன்னும் முழங்கால் அளவு சேறு. தகரத் துண்டால் வழித்து, வாளியில் அள்ளி, கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொட்டினோம். செத்த எலி, ஊறிய நூல்கண்டு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றிலும் ஒரே நாற்றம். அடியில் கிடந்த உடைந்த ஊசிகள் கையில் ஏறின. கையுறை கேட்டதற்கு, "சேறு அள்ள எதுக்குக் கையுறை? ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்றார் முதலாளி. சேறு படாத செருப்போடு வாசற்படியிலேயே நின்றிருந்தார்.

என் மெஷினுக்கு அடுத்தது என் நாத்தனாருடையது. அதை யாரையும் தொடவிடாமல் நானே கழுவினேன். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அவள் அண்ணனை நான் கைக்குள் போட்டுக்கொண்டேன் என்பது அவள் கட்சி. எடுத்த கத்தரிக்கோலைத் திருப்பித் தரமாட்டாள் என்பது என் கட்சி. பேசாமலே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்திருக்கிறோம். இப்போது சண்டை போட அவள் இல்லை.

போன புயலில் வாய்க்கால் உடைந்து தண்ணீர் உள்ளே வந்தபோது, "முதல்ல துணியக் காப்பாத்துங்க" என்று சூப்பர்வைசர் கத்தினார். துணிக் கட்டுகளைச் சுமந்து மாடிக்கு ஏற்றினோம். கடைசிக் கட்டும் ஏறியதும், திருட்டுப் போகாமலிருக்க, படிக்கட்டின் அடியில் இருக்கும் கதவைப் பூட்டிச் சாவியோடு அவர் வண்டியேறிப் போய்விட்டார். மெஷின் மோட்டார்களை மேஜைமேல் தூக்கி வைக்காமல் யாரும் கிளம்பக்கூடாது என்பது உத்தரவு. தூக்கி வைத்து முடிப்பதற்குள் தெரு ஆறாகிவிட்டது. நாங்கள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துத் தொங்கினோம். அவள் மட்டும் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பின்சுவர் இடிந்து வந்த வெள்ளம் அவளை அங்கேயே அமுக்கியது. மாடியில் துணிக்கு ஒரு சொட்டு ஈரமில்லை.

இன்று அடுத்த புயல் கிளம்பிவிட்டதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருக்கிறது. முதலாளி ஒரு தச்சரைக் கூட்டி வந்திருந்தார். தண்ணீரில் ஊறிய கதவு உப்பி, சட்டத்துக்குள் அடங்க மறுத்தது.

"இழைச்சு விடு. இருட்டறதுக்குள்ள பூட்டணும்."

தச்சர் இழைப்புளியை எடுத்து ஓரத்தில் ஓட்டினார். ஈர மரச் சுருள் ஒன்று என் காலடியில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"இதப் பூட்டக்கூடாது."

"யாரு சொல்றது?" என்றார் முதலாளி.

"நான்தான். என் நாத்தனா இதத் தட்டித் தட்டித்தான் செத்தா."

"எனக்கும் வருத்தம்தாம்மா. பொணத்தக் கொண்டுபோக வண்டி அனுப்பினேனா இல்லியா?"

"அனுப்பினீங்க. உயிரோட இருந்தப்ப சாவிய அனுப்பியிருக்கலாம்."

அவர் முகம் கறுத்தது. "மேல இருக்கற சரக்கு போச்சுன்னா கம்பெனியே போச்சு. உங்க பொழப்பும் போச்சு."

பட்டன் தைக்கும் பெரியம்மா வாளியை டக்கென்று வைத்தாள். "புயல் வந்தா சரக்கு மாடிக்குப் போவுது. நாங்க எங்க போறது?"

"வீட்டுக்குப் போறது! யாரு புடிச்சு வச்சா?"

"மோட்டாரத் தூக்காமப் போனா மறுபடி வராதீங்கன்னு சொன்னது யாரு? எங்க வீட்டுப் பூனையா?"

முதலாளிக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

தச்சர் கை நின்றிருந்தது. "கதவு ஒட்டுதுன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. இந்த வேல எனக்கு வேணாம்" என்று பையை எடுத்தார்.

"நீ ஒருத்தன்தான் தச்சனா? வேற ஆளு கிடைக்காமயா போயிடுவான்!"

அது உண்மைதான். இவர் போனால் இன்னொருவர் வருவார், கதவு பூட்டப்படும். நான் பையைப் பிடித்தேன். "அண்ணே, போகாதீங்க. ஸ்குரு டிரைவர் குடுங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்துக் கொடுத்தார்.

கீல்கள் துருவேறியிருந்தன. ஸ்குரு அசையவில்லை. நாத்தனாரின் டிராயரில் எண்ணெய்க் குப்பி இருந்தது. பக்கத்திலேயே என் கத்தரிக்கோலும் இருந்தது. பாவி! எண்ணெய் விட்டு நான் அழுத்தினேன், பெரியம்மா அழுத்தினாள், கட்டிங் மாஸ்டர் அழுத்தினார். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். "தொட்டவங்க எல்லாருக்கும் வேல போச்சு!" என்று முதலாளி கத்தினார். தொடாதவர் என்று சூப்பர்வைசர்தான் மிச்சம்.

கதவு பிணக் கனம் கனத்தது. தோளில் தூக்கிப் போய்க் கேட்டுக்கு வெளியே சேற்றின்மேல் போட்டு, கதவின்மேலேயே உட்கார்ந்தோம்.

"மாடி திறந்தே இருக்கும்னு எழுதிக் குடுங்க. மழ வந்தா முதல்ல ஆளு, அப்புறம் சரக்கு. அதுவரைக்கும் யாரும் உள்ள வரமாட்டோம்" என்றேன்.

"போலீஸ் வந்து எழுதிக் குடுக்கும்" என்று போனை எடுத்தார் முதலாளி. காற்று ஏறிக்கொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. பெரியம்மா என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். எழுந்து போகத்தான் மனம் வரவில்லை.

பக்கத்துக் கம்பெனியிலும் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண், வாளியும் கையுமாக வந்து கதவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த ஸ்குரு டிரைவர் கொஞ்சம் தர்றீங்களா? எங்க மாடியயும் பூட்டித்தான் வச்சிருக்காங்க."

தச்சர் பையைத் தோளில் மாட்டினார். "துருப்பிடிச்சிருக்கும். லேசுல வராது" என்றார்.

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு நானும் எழுந்தேன்.