தழும்பில்லாத கழுத்து

எனக்கு வாய் ஜாஸ்தி. தாம்பரத்தில் எங்கள் சர்ச்சுக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஞானஜோதி டீச்சர் ஒன்றை நினைத்துவிட்டால் அதோடு சரி என்று. அந்த வாய்தான் என் மகள் டெபோராவின் குரலைத் தின்றது.

அவளுக்குத் தைராய்டில் கட்டி. எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். கழுத்தில் கீறியும் எடுக்கலாம், ரோபோ மூலமாக அக்குள் வழியாகவும் எடுக்கலாம், அப்படி எடுத்தால் கழுத்தில் தழும்பு இருக்காது என்றார். டெபோரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் கொயர்ல பாடறவ, டாக்டர். குரலுக்கு எது சேஃப்?"

"குரல் நரம்பு தைராய்டை ஒட்டினாப்ல இருக்கும்மா. ரெண்டுலயுமே கொஞ்சம் ரிஸ்க் உண்டு. எனக்குக் கை பழகினது கழுத்து வழிதான். ரோபோல இப்பத்தான் ஒரு வருஷமா பண்றேன்."

"அப்போ கழுத்துலயே பண்ணிடுங்க."

விட்டேனா நான்? "இருபத்தேழு வயசாச்சு. கழுத்துல வெட்டுத் தழும்போட போய் நின்னா எவன்டி கட்டுவான்?" என்று டாக்டர் முன்னாலேயே கத்தினேன். அவள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்னை அதட்டியிருப்பார். அவள் ரோபோ ஆபரேஷனுக்கே கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நடக்கும்போது வெளியே உட்கார்ந்து சும்மா இருந்தேனா? பெருங்களத்தூரில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். "டாக்டர் தள்ளி உக்காந்து ஸ்கிரீனைப் பாத்தே பண்றாராம்க்கா. மெஷின் கைதான் உள்ள போவுதாம். நம்ம சர்ச்சுல யாருக்கு இப்படி நடந்திருக்கு சொல்லு!"

மயக்கம் தெளிந்ததும் டெபோரா "ம்மா" என்றாள். காற்றுதான் வந்தது.

வீக்கம், சரியாகிவிடும் என்றார்கள். பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். தினமும் காலையில் குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமுக்குள் 'ஆ', 'ஈ' என்று முயற்சி செய்வாள். நான் வெளியே நின்று கேட்பேன். ஒரு வருடம் போயிற்று, கரகரப்பு போகவில்லை. "கழுத்து வழியா பண்ணியிருந்தாலும் இது நடந்திருக்கலாம்மா" என்றார் டாக்டர். நடக்காமலும் இருந்திருக்கலாம் இல்லையா? அதை யாரும் என்னிடம் சொல்வதில்லை. நானேதான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, பொத்தேரியிலிருந்து மாப்பிள்ளை டெனிஸ் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். ஆபரேஷன் விஷயத்தைத் தரகரிடமே சொல்லியிருந்தேன். குரல் விஷயத்தைச் சொல்லவில்லை. டெனிஸின் அம்மா பேபி, டெபோராவின் தாடையைத் தூக்கிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சொன்னாத்தான் தெரியும்க்கா. கோடுகூட இல்லையே! நெக்லஸ் போட்டா எவ்ளோ அழகா இருக்கும்."

இந்த ஒரு பேச்சைக் கேட்கத்தானே அவ்வளவு ஆட்டம் ஆடினேன்?

"என்னம்மா, பேசவே மாட்டேங்கற?" என்றாள் பேபி.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்றாள் டெபோரா. அந்தக் கரகரப்பைக் கேட்டதும் பேபியின் முகம் மாறியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சளி" என்றேன். "ரெண்டு நாளா சளி."

பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னேன். என்ன ஜென்மம் நான்!

டெபோரா என்னைப் பார்க்கவில்லை. டெனிஸின் அம்மாவைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக மூச்சு வாங்கிச் சொன்னாள்.

"சளி இல்ல ஆன்ட்டி. இனிமே இதான் என் குரல்."