மாது கொம்பு

எங்கள் ஊரிலிருந்து காட்டுக்குப் போகும் மண்பாதை முனையில் இப்போதுதான் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பச்சை பெயின்டில் வெள்ளை எழுத்து. மேலே மூன்று பாறைகளின் படம், கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர்: தேன் கொம்பு, பருந்துக் கொம்பு, மாது கொம்பு. மூன்றாவது என் வீட்டுக்காரரின் பேர். நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பலகையில் இருப்பதை அப்படியே எழுதினேன். புருசன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து 'ஏங்க', பிள்ளை பிறந்த பிறகு 'ரஞ்சித்து அப்பா'. ரேசன் கடையில் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பேன், அவள் சொல்லிவிடுவாள். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன பிறகு என் மகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

அந்தப் பேரை மலைக்கு வைத்தவள் காவியா. தருமபுரிப் பெண், பெங்களூரில் வேலை, லீவு விட்டால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு மலை ஏறப் போய்விடுவாள். அவளுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒன்றுமில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தால் எரியாதா என்ன?

எங்கள் ஊருக்கு அந்த மூன்று பாறையும் சேர்ந்து வெறும் கொம்புதான். தனித்தனியாகப் பேர் வைத்துக் கூப்பிட யாருக்கும் தேவைப்படவில்லை. முன்னால் நிற்பதுதான் உசந்தது என்று ஊரே நம்பியது. வெள்ளைக்காரன் காலத்தில் அளக்க வந்தவர்களும் அதன் தலையில்தான் கொடி நட்டார்களாம். பொங்கலுக்கு மறுநாள் இளவட்டங்கள் அதில் ஏறுவார்கள். ஏறியவன் ஒரு கல்லை வைத்துவிட்டு வர வேண்டும், அந்தக் குவியல் இன்னும் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.

இந்தக் காவியா வந்துதான் ஏதோ மிஷினை வைத்து அளந்து, பின்னால் கூனிக்கொண்டு நிற்பதுதான் உசந்தது, முன்னால் இருப்பதைவிட ஒரு தென்னை உயரம் அதிகம், அதில் இதுவரை மனுசக் கால் படவே இல்லை என்றாள். நாங்கள் யாரும் நம்பவில்லை. கண்ணுக்கு நேராகத் தெரிவதை விட்டுவிட்டு மிஷினை நம்பு என்றால் எப்படி? நான் அந்தப் பேச்சையே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு சவாரி அடிப்பார். மூட்டை முடிச்சை ஏற்றிக்கொண்டு போகத்தான் காவியாவின் கூட்டம் அவரைக் கூப்பிட்டது. போன இடத்தில் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார், ருசி கண்டுகொண்டார். சவாரி பாதி, மலை பாதி என்று ஆகிவிட்டது. புகழ்ச்சி என்றால் அவருக்கு வெல்லம். யாராவது ரெண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னால் ஜீப்பையே எழுதிக் கொடுத்துவிடுவார்.

பின்னால் இருக்கும் கொம்பில் காவியாதான் முதலில் ஏறினாள். அது எந்தக் கொம்பு என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. கீழே கயிற்றைப் பிடித்து நின்றவர் இவர். உச்சிக்குச் சற்றுக் கீழே அவள் கால் வழுக்கிவிட்டது. கயிறு கையில் உருவிக்கொண்டு ஓடியும் இவர் விடவில்லை. தொங்கியவள் மறுபடி பாறையைப் பிடித்து ஏறி உச்சியில் நின்றாளாம். முதலில் ஏறியவர்தான் பேர் வைக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். தன் பேரையே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பெற்றவர்கள் அழகாகத்தானே வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து கிடந்தது. கேட்டதற்கு, கயிறு அறுத்துவிட்டது என்றார். எந்தக் கயிறு, எதற்கு என்று சொல்லவில்லை. மருந்து போட்டு, துணி சுற்றி, வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்து நானே ஊட்டிவிட்டேன். யாருக்காக உரிந்த கை என்று அப்புறம் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அந்த வீடியோவில் அவள் உச்சியில் நின்று ரெண்டு கையையும் வாயருகே குவித்து, 'மாது கொம்பு' என்று கத்துகிறாள். எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொல்கிறது. என் வாயில் ஒரு நாளும் வராத பேர் அவள் வாயில் வருகிறது, கல் வாயில்கூட வருகிறது. இவர் சாப்பிடும்போது, படுக்கும்போது, ஜீப்பைக் கழுவும்போது என்று அதையே ஓட்டிக்கொண்டிருப்பார். வீடியோவுக்குக் கீழே யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் அந்தப் பேரைப் போட்டுப் பாராட்டியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டுவார். நேரில் பார்த்தால் அவள் 'மாதுண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். மலையின் பேரில் அண்ணா இல்லையே.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன், எதற்காக உங்கள் பேர் என்று.

"கயித்தப் புடிச்சதுக்கு அந்தப் புள்ள மரியாத பண்ணுது. இதுல உனக்கு என்ன?"

"நானுந்தான் கல்யாணம் ஆனதுல இருந்து புடிச்சிட்டிருக்கேன். எனக்கு ஒரு குண்டுக் கல்லுக்காவது பேர் வெச்சீங்களா?" என்றேன். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் கூட்டம் வருகிறதாம், பாறையில் அடித்த இரும்பு வளையமெல்லாம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். தனியாகப் போகக் கூடாது என்று அவருக்கே தெரியும். "மாது கொம்பு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று அந்தப் பேரை நன்றாக இழுத்துச் சொல்லி, என் முகம் போகிற போக்கை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன். பார்த்துப் போங்க என்றுகூடச் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஆடு மேய்க்கும் நஞ்சப்பன் வந்து, மலையடியில் ஜீப் நிற்கிறது, ஆளைக் காணவில்லை, கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லை என்றார். போன் போட்டால் தொடர்பு கிடைக்கவில்லை. மகனைக் கூப்பிட்டு அழுதேன். அவன் அங்கிருந்தே யார் யாரையோ பிடித்து, கொஞ்ச நேரத்தில் மீட்பு ஆட்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் சந்திரமோகன் என்று ஒருவர், புதிதாக மாற்றலாகி வந்தவர். மூன்று பாறைகளையும் பார்த்துவிட்டு, இதில் எந்தப் பாறைக்குப் போனார் என்று என்னைக் கேட்டார்.

பேர் நாக்கு நுனியில் இருந்தது. ஆயுசு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அவள் வைத்த பேரை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? உசந்த மலைக்குத்தான் இவர் பேரை வைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால், "உசந்த கொம்புக்குங்க" என்றேன். நஞ்சப்பன் உடனே முன்னால் நிற்பதைக் கை காட்டினார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் காட்டியிருப்பார்கள். மீட்பு ஆட்கள் நஞ்சப்பனையும் வழி காட்டக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் வரும். மகன் ஏதாவது சொல்வான் என்று பாதிப் படியில் போய் உட்கார்ந்தேன். போன் அடித்தது. எடுத்தால் காவியா. மகன் அவளுக்கும் சொல்லியிருக்கிறான். மீட்பு ஆட்களிடம் அவள் பேசியிருக்கிறாள், அவர்கள் தேன் கொம்பில் ஏறுவதாகச் சொன்னார்களாம். அங்கேதான் போனாரா என்று கேட்டாள்.

தேன் கொம்பு எது என்று எனக்கு எங்கே தெரியும்? உசந்ததுக்குத்தான் போனார் என்றேன்.

"அக்கா, முன்னாடி இருக்கறது உசந்தது இல்லக்கா. ஊர்ல இருந்து பாத்தா அப்படித் தெரியும், அவ்ளோதான். அவரு என்ன பேர் சொல்லிட்டுப் போனாரு? பேர மட்டும் சொல்லுங்க. ரெண்டுக்கும் வழி வேற வேற. இதுல ஏறி எறங்கிட்டு அதுக்குப் போனா இருட்டிடும்."

நான்தான் ஆட்களைத் தப்பான மலைக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். "அவரு பேரு இருக்குதில்ல, அந்த மலைக்கு" என்று ஆரம்பித்தேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி ஆரம்பித்தேன், பாதியில் லைன் போய்விட்டது. மேல்படிக்கு ஓடினேன். அவளே திரும்பக் கூப்பிட்டாள். "சுருக்கமாச் சொல்லுங்கக்கா, விட்டு விட்டுக் கேக்குது" என்றாள். சுற்றி வளைத்துச் சொல்ல அந்த லைனில் இடமில்லை. எனக்குப் பதிலாகச் சொல்ல பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை.

குறைகிற ஆயுசு குறையட்டும், இன்றைக்கே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று தோன்றியது. "மாது" என்றேன். சத்தம் வரவில்லை. அப்புறம் கத்தினேன். "மாது. மாது கொம்பு. மாது, மாது, மாது." கட்டிக்கொண்ட நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாகக் கொட்டிவிட்டது. கேட்டுவிட்டது அக்கா என்று அவள் சொன்ன பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. என் புருசன் பேரை நான் முதன்முதலில் சொன்னது, யாரைப் பார்த்து எரிந்தேனோ அவள் காதில்.

பொழுது சாயும்போது அவரைத் தூளியில் கட்டி இறக்கினார்கள். ஒரு பாறை விளிம்பில் விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் கீழே பள்ளம். தருமபுரி ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் பேரைச் சொல்லிவிட்டோமே என்ற பயம் எனக்குள் இருந்தது. அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் காவியா சாத்துக்குடிப் பையோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, எனக்குப் பழையபடி எரிந்தது. நீ சரியாகக் கண்டுபிடித்து ஆள் அனுப்பாவிட்டால் நான் அங்கேயே முடிந்திருப்பேன் என்று ஆரம்பித்துவிட்டார். நான் ஒரு சாத்துக்குடியை எடுத்து உரித்தேன்.

"நான் எங்கண்ணா கண்டுபுடிச்சேன்? முனியம்மாக்கா பேரச் சொன்னாங்க, அத அப்படியே மீட்பு ஆளுங்களுக்குச் சொன்னேன்" என்றாள் அவள்.

"எந்தப் பேர?"

"உங்க பேரத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். நிசமா என்று கேட்டார். நான் சுளையிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தடவை சொல் என்றார். மாட்டேன் என்றேன். கெஞ்சினார், ஒரே ஒரு தடவை, மெதுவாகவாவது என்றார். அசையவில்லை. அப்புறம் அவள் பக்கம் திரும்பினார்.

"எப்படிம்மா சொன்னா? மெதுவாச் சொன்னாளா, கத்திச் சொன்னாளா?"

"கத்தித்தான்ணா. அழுதுட்டே சொன்னாங்க. நாலஞ்சு தடவ சொல்லிட்டாங்க."

"நாலஞ்சு தடவயா?"

அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மலர்ந்திருந்த முகம் மெல்லச் சுருங்கியது. "உனக்குச் சொல்லியிருக்கா. எனக்கு ஒரு தடவ சொல்ல மாட்டேங்கறா" என்றார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருசமாகத் தலை சீவும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

சுளையை அவரிடம் நீட்டினேன். வேண்டாமென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காவியாவிடம் கொடுத்தேன்.