முதலாளியின் வயிற்றுக் கட்டி

பூனையின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மருத்துவர் கையுறையைக் கழற்றினார். "கெட்ட கட்டின்னு சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது. ஊசியால கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பறேன். பத்து நாள் ஆகும்."

அவள் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். இப்படி ஒரு வாக்கியம் கையில் வந்தால், 'ஏதாவது ஒன்றைச் சொல்லவும்' என்று ஓரத்தில் எழுதிவிடுவாள். டாக்டர் வாய்ச்சொல்லில் பேனா வைக்க முடியுமா? நாலு காலையும் விரித்துக்கொண்டு அடம்பிடித்த பூனையை ஒருவழியாகக் கூடைக்குள் தள்ளினாள். சீட்டில் 'முதலாளி, ஆண், வயது ஏழு' என்றிருந்ததைப் பார்த்துப் வெளியே காத்திருந்த ஒருவர் சிரித்தார்.

பெயர் கணவன் வைத்தது. அவள் வேலைக்கு உட்கார்ந்தால் போதும், பூனை வந்து தாள்களின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொள்ளும். "முதலாளி லீவு குடுத்துட்டார், எழுந்திரு" என்பான். அவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய் ஒன்றரை வருடமாகிறது. பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. ஒருவர் பேச வந்தால் மற்றவர் எழுந்து போவது என்று ஆரம்பித்து, கடைசியில் பேச்சே நின்றுபோனது. இப்போது மாதத்துக்கு ஒரு போன். தபால் வந்ததா, குழாய் ஒழுகுகிறதா, அவ்வளவுதான்.

அன்று மாலை அவளே அவனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். சாப்பிடறாரா?"

மறுநாள் ஏழு மணிக்கு அவனே கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். முதல் மூன்று நாள் பூனையைப் பற்றி மட்டும்தான். நாலாம் நாள், "இருமறியே, மருந்து ஏதாவது சாப்பிட்டியா?" என்றான். ஆறாம் நாள், தன் அறை ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை என்று புலம்பினான். பேப்பரை மடித்துச் செருகச் சொன்னாள். எட்டாம் நாள், 'மூத்த கவிஞர்' என்பது 'முத்த கவிஞர்' என்று வந்திருந்ததை அவள் சொல்ல, இருவரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். அவன் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் ஏங்கிக்கிடந்தோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

ஏழு மணி நெருங்கினால் முகம் கழுவிக்கொண்டாள். போனில் முகமா தெரியப்போகிறது? ஒருநாள் அந்தக் கட்டிக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றியது. உடனே, வாயில்லாத ஜீவன் வயிற்றில் எதையோ சுமந்துகொண்டு படுத்திருக்கிறது, நமக்குக் குஷி கேட்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்தாம் நாள் மத்தியானம் ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டர் வெளியே போயிருந்தார். "காலைல வந்து அவர்கிட்ட பேசிக்குங்க" என்று வரவேற்பில் இருந்த பெண் ஒட்டிய உறையை நீட்டினாள்.

அடுத்தவர் எழுதியதை எத்தனை ஆயிரம் பக்கம் பிரித்து மேய்ந்திருப்பாள்; இந்த ஒரு தாளைப் பிரிக்கக் கை வரவில்லை. நல்லது என்றால், அப்பாடா என்று அவன் போனை வைத்துவிடுவான். கெட்டது என்றால் கொஞ்ச நாள் சேர்ந்து அழலாம். அதற்கப்புறம் கூப்பிட என்ன இருக்கிறது?

ஏழு மணிக்குப் போன் அடித்ததுமே எடுத்தாள்.

"ரிசல்ட் வந்துச்சா?"

முதலாளி அவள் மடியில் படுத்திருந்தது.

"இன்னும் வரல."

"பத்து நாள்னு சொல்லிட்டு, என்ன டாக்டர் இவரு!" அப்புறம் அவன் மெதுவாகச் சொன்னான். "சரி… அப்ப நாளைக்கும் கூப்பிடறேன்."

"கூப்பிடு."

போனை வைத்தாள். பூனை சோம்பல் முறித்து, வயிற்றைக் காட்டிப் புரண்டது. தடவப் போன கை, கட்டி இருந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி அப்படியே நின்றது.