ஓட மறந்த கூரமான்

ஏட்டி அஞ்சு, ஒறங்கிட்டியா? ஒறங்கினா முழிச்சப்பொறவு படிச்சுக்கோ. வாய்ஸ் போட முடியாது, அம்மை பக்கத்துல கெடக்கா. அதான் டைப் பண்ணுகேன். முழுசும் படிச்சிட்டு என்ன வேணும்னாலும் திட்டு.

எங்க சூசை மாமாவ வேலைய விட்டு எடுக்கப் போறாவ. எடுக்கதோட நிக்காது, கேஸும் வரும்னு சொல்லுகாவ. காட்டுல விட்ட கூரமான அவருதான் பிடிச்சு வித்தாருன்னு. அவரு விக்கல்ல. அது செத்ததுக்குக் காரணம் நானாக்கும்.

நீ நாகர்கோவில் ஹாஸ்டலுக்குப் போனப்பொறவு நடந்தது இது. ஏப்ரல்ல ஸூலேருந்து ஆறு கூரமான் கொண்டு வந்தாவ. புக்குல சருகுமான்னு போட்டிருக்கும். மொயலவிட கொஞ்சம் பெருசு, கொம்பு கெடையாது, காலு பென்சில் கணக்கா இருக்கும். ஆறும் மிருகக்காட்சிசாலை கூண்டுக்குள்ள பொறந்தது. அதுக்க அம்மையும் கூண்டுல பொறந்ததுதானாம். நம்ம மலையில முன்ன நெறைய கெடந்துதாம், தின்னே தீத்துட்டோம். அதனால ரப்பர் தோட்டம் முடிஞ்சு காடு தொடங்குக எடத்துல சுத்தி வலை கெட்டி, ரெண்டு மாசம் உள்ள விட்டுப் பழக்கி, பொறவு தொறந்து விடணும். காவலுக்கு எங்க மாமா. டெம்பரரிதான். ஆனாலும் காக்கிச் சட்ட குடுத்தாவ. மாமா அதப் போட்டுட்டு கடைக்குக்கூட போனாரு.

ஸூலேருந்து நந்தனா மேடம்னு ஒரு டாக்டர் வருவாவ. மொத நாளே மாமாகிட்ட சொல்லிட்டாவ. “தீனிய வெளிய இருந்தே குழாய் வழியா போடுங்க. அதுங்ககிட்ட பேசக் கூடாது, பேரு வைக்கக் கூடாது. மனுசன் வந்தா ஓடணும். ஓடலைன்னா இத்தன வருசம் நாங்க வளத்ததுக்கு அர்த்தமே இல்ல.” ஒரு தகரமும் கம்பும் குடுத்தாவ. எதாவது ஒண்ணு வலைப்பக்கம் வந்து ஆளப் பாத்துட்டு நின்னா தகரத்துல ஓங்கி அடிக்கணும்.

மாமாக்கு அது சங்கடம். “ஏட்டி ஜெமி, சின்னப் பிள்ளைய வெரட்டுக மாதிரி இருக்கு. அடிச்சிட்டு வந்தா சோறு எறங்க மாட்டேங்கு”ம்பாரு.

“உனக்கா அண்ணே சோறு எறங்கல்ல? சட்டியில பாதியக் காணல்லியே”ன்னு அம்மை சொல்லுவா.

லீவுல நான் அம்மை கூட ரப்பர் வெட்டுக்குப் போனேன்லா. விடியதுக்கு முன்னாலயே நெத்தியில ஹெட்லைட் கெட்டிட்டுப் போணும். அம்மை மரத்த வெட்டிட்டே போவா, நான் பால் விழுக சிரட்டையத் தொடச்சு வைப்பேன். எங்க வரிசையில கடைசி மரம் அந்த வலைய ஒட்டித்தான் நிக்கு.

ஒருநாள் வலைக்கு அந்தப் பக்கம் ரெண்டு கண்ணு மின்னிச்சு. எனக்க கையில தின்னுட்டிருந்த பலாமரத்துச் சக்கச்சொளை இருந்துது. ஒண்ண வலைக்கடியில தள்ளி விட்டேன். பைய வந்து தின்னுட்டுப் போச்சு. மறுநாளும் கொண்டு போனேன். பொறவு எல்லா நாளும்.

ஏன் செஞ்சேன்னு கேட்டா பாவமா இருந்துதுன்னு சொல்லலாம். அது பொய்யிட்டி. மாமாவக் கண்டா ஓடுகு, மேடத்தக் கண்டா ஓடுகு, எனக்கிட்ட மட்டும் வருகு. அது ஒண்ணுக்காகத்தான். கிளாஸ்ல நான் வந்தேனா வரல்லியான்னுகூட ஒருத்தரும் பாக்க மாட்டாவன்னு உனக்குத் தெரியும். இது எனக்க லைட்டப் பாத்ததும் சருகு மேல ஓடி வரும். மூக்கு வெரல்ல முட்டும், ஈரமா இருக்கும். பேரும் வச்சேன். என்ன பேருன்னு கேக்காத. மே மாசத்துல ஒண்ணு இல்ல, மூணு வந்துது.

மாசக் கடைசில கழுத்துல சின்னதா ரேடியோப் பட்ட கெட்டி, வலையத் தொறந்தாவ. ஒவ்வொண்ணா சாடிப் போச்சு. மேடத்துக்குக் கண்ணு நெறஞ்சுது. மாமா கையப் பிடிச்சு, “நல்லா பாத்துக்கிட்டீங்க”ன்னு சொன்னாவ. எல்லாரும் கை தட்டினாவ. நானும் தட்டினேன்.

போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்தா, அடுத்த தோட்டத்துல வெட்டுக ராஜகுமார் அண்ணன் ஒரு சருவத்துல எறச்சி கொண்டு தந்தாரு. மொயலுன்னாரு. நான்தான் தேங்கா வறுத்து அரச்சுக் கறி வச்சேன். ருசியா இருந்துதுட்டி. ரெண்டாவதும் வாங்கித் தின்னேன்.

சாயங்காலம் சருவத்த வாங்க வந்தவரு சிரிச்சிட்டே சொன்னாரு. “மொயலும் இல்ல ஒண்ணும் இல்ல. கூரமானாக்கும். துப்பாக்கியும் வேண்டாம், கண்ணியும் வேண்டாம். நான் வெட்டிட்டு நிக்கேன், லைட்டுக்கு நேரா வந்து எனக்க கால மோந்துட்டு நிக்கு. இப்பிடியொரு மண்டன நான் கண்டதில்ல.”

“எங்கண்ணன் கேட்டா உனக்க தோல உரிப்பான். வாய மூடிட்டுப் போ”ன்னா அம்மை.

நான் கெணத்தடிக்குப் போயி வாந்தி எடுத்தேன். சத்தம் கேக்காம.

அது மண்டன் இல்ல அஞ்சு. நான் படிப்பிச்சத அப்பிடியே செஞ்சுது. லைட்டு எரியுக தலை எல்லாம் நானுன்னு நெனச்சிருக்கு. இந்த மலையில விடியங்காட்டி எத்தன தலையில லைட்டு எரியும்னு நான் ஒருநாளும் யோசிக்கல்ல.

செவ்வாக்கெழம அந்தக் கழுத்துப்பட்ட கெடச்சுது. ரப்பர் ஷீட்டு காயப்போடுக ஷெட்டுக்குப் பின்னால அறுத்துப் போட்டிருந்துது. மாமா சுத்துக எல்லைக்குள்ள. மேடம் வந்தாவ. நான் அவியளுக்குச் சாயா கொண்டுபோனேன்.

“அது ஆளுகிட்ட வரவே வராது. நீங்கதானே தகரம் அடிச்சுப் பழக்கினீங்க. எங்க நிக்கும்னு தெரிஞ்ச ஒருத்தர் சொல்லாம எப்படிப் பிடிச்சிருப்பாங்க?”ன்னு மேடம் கேட்டாவ.

மாமா தரையப் பாத்துட்டே, “நான் தகரத்த ஓங்கி அடிக்கல்ல மேடம். பைய பையத்தான் அடிச்சேன். அதுனால பயம் இல்லாமப் போயிருக்கும்”னாரு.

தப்ப எடுத்து அவருக்க மேல போட்டுக்கிட்டாரு. நான் ரெண்டடி தள்ளி நிக்கேன். குடிச்ச டம்ளர வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். விடிஞ்சா ஆபீசுல போயி அவரு வாக்குமூலத்துல கையெழுத்துப் போடணும்.

இன்னைக்கு சாயங்காலம் அம்மைகிட்டச் சொன்னேன். அவ அரிசி களஞ்சிட்டே, “உங்க மாமனுக்கு இந்த வேலை போனா வேற வேலை கெடைக்கும். உனக்குக் கேஸ் வந்தா படிப்பு கெடைக்குமா? ராஜகுமாருக்கு மூணு பிள்ளைய. நம்மளும் தின்னுருக்கோம். சும்மா கெட”ன்னா. செரின்னேன் பாத்துக்கோ. மாமாவ நெனச்சுட்டும் செரின்னேன்.

ஆனா ஒறக்கம் வரல்ல. மூணு வந்துதுன்னு சொன்னேன்லா. ஒண்ணுதான் செத்திருக்கு. மிச்சம் ரெண்டும் எங்கயோ நிக்கு. இன்னும் ரெண்டு மணிக்கூர்ல வெட்டுக்காரவ எல்லாம் லைட்டக் கெட்டிட்டு எறங்குவாவ.

அதனால மேடத்துக்கு மெசேஜ் அனுப்பிட்டேன். எல்லாம் எழுதினேன். ராஜகுமார் அண்ணனுக்க பேரையும் எழுதினேன். நான் தின்னதையும் எழுதினேன். அம்மை தின்னத மட்டும் எழுதல்ல. அத நீயும் ஆருகிட்டயும் சொல்லாத.

உடனே நீலக்கோடு விழுந்துது. அவியளும் ஒறங்கல்ல போல. திட்டுவாவன்னு பாத்துட்டு இருந்தேன். ஒரு கேள்விதான் வந்துது: “உன் கைக்கு வந்தது மொத்தம் எத்தனை?”

மூணுன்னு போட்டேன். டைப்பிங் டைப்பிங்னு காட்டிட்டே கெடந்துது. பொறவு வந்துது:

“மிச்சம் ரெண்டையும் இன்னைக்கே பிடிச்சாகணும். இனிமே அதுங்கள வெளிய விட முடியாது, கடைசி வரைக்கும் ஸூதான். மூணரைக்கு வலைகிட்ட வா. நாங்க கூப்பிட்டா வராது, உன்கிட்டதான் வரும். உன் மாமாவையும் வரச் சொல்லியிருக்கேன். எதுக்குன்னு சொல்லல. அத நீயே சொல்லு.”

ரெண்டும் காட்டுல பதினஞ்சு நாளு ஓடியிருக்கு அஞ்சு. நான் சக்கச்சொளைய நீட்டி விளிச்சா நம்பி வரும். வரக்கூடாதுன்னும் இருக்கு. வரல்லன்னா வேற ஆருக்க கால மோந்துட்டு நிக்குமோன்னும் இருக்கு.

மாமா வீட்டுல லைட்டு போட்டாச்சு, ஜன்னல் வழியா தெரியுகு. அவருக்க சொபாவம் உனக்குத் தெரியும். நான் எல்லாத்தையும் சொன்னாலும், “செரி மக்கா, பைய நட, சருகு சத்தம் கேட்டா பயந்து போவும்”னுதான் சொல்லுவாரு. செவுட்டுல ஒண்ணு அறஞ்சாருன்னா எனக்குக் கொஞ்சம் ஆறும். அறைய மாட்டாருட்டி.

நான் போறேன். அம்மை முழிக்கதுக்கு முன்ன எறங்கணும்.